இணைய டிவி சாஃப்ட்வேர் விற்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள், கேபிள் ஆபரேட்டரிடம் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்புகிறவர்கள், வீடு வீடாகப் போய் சிஸ்டம் சரிசெய்து கொடுக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வாடிக்கையாளரின் கணினியில் இணைய டிவி பார்க்க வழிசெய்து கொடுத்து, அதற்குக் காசு வாங்குவது எப்படி என்பதுதான் விஷயம்.

என்னிடம் இந்த வேலையைப் பழகிப் போன பையன்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். சாஃப்ட்வேரை முதலில் போட்டார்கள், கணினியை அப்புறம் பார்த்தார்கள், பில்லைக் கடைசியில் யோசித்தார்கள். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

1. எதை விற்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே மூன்று விதமான சரக்கு உங்களைத் தேடி வரும்.

முதலாவது, ‘மறுவிற்பனை உரிமையோடு’ வரும் சாஃப்ட்வேர். ஒருமுறை வாங்கிவிட்டால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஆயிரக்கணக்கான சேனல்கள், மாதச் சந்தா கிடையாது என்பார்கள். நானும் ஒருகாலத்தில் காசு கொடுத்து ஒன்றை வாங்கியவன்தான். பிரித்துப் பார்த்தால், விண்டோஸ் மீடியா ப்ளேயருக்கு மாட்டிவிட்ட ஒரு சட்டை, உள்ளே இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற லிங்குகளின் பட்டியல். அதில் பாதி செத்த லிங்க். நான்கு பேருக்கு விற்று, நான்கு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது, கிரெடிட் கணக்கில் விற்கிற ‘பேனல்’. மொத்தமாகக் கிரெடிட் வாங்கிக்கொண்டு, ஒரு கிரெடிட்டுக்கு ஒரு மாதம் என்று வாடிக்கையாளருக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுப்பது. கட்டணச் சேனல் எல்லாம் நூறு, இருநூறு ரூபாய்க்கு வருகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. 2019 செப்டம்பரில் இத்தாலிய நிதிக் காவல்துறை ‘எக்ஸ்ட்ரீம் கோட்ஸ்’ என்ற பேனல் அமைப்பை முடக்கியபோது, அதை நம்பியிருந்த மறுவிற்பனையாளர்களின் பேனல்கள் ஒரே நாளில் இருண்டன. கிரெடிட்டுக்குக் கட்டிய காசை யாரிடம் போய்க் கேட்பது?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவு, தெரிந்தே மீறுகிறவரை மட்டுமல்ல, மீறலுக்குத் துணைபோகிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘நான் பெட்டியைத்தான் விற்றேன், படத்தைக் காட்டியது வேறு யாரோ’ என்ற வாதம் ஐரோப்பாவிலும் எடுபடவில்லை. திருட்டு லிங்குகளுக்குப் போகும் ஆட்-ஆன்களை (ப்ளேயரோடு சேர்க்கும் துணைநிரல்களை) முன்கூட்டியே போட்டு மீடியா ப்ளேயர் விற்ற நெதர்லாந்து வழக்கில், அப்படி விற்பதே உரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

மூன்றாவது சரக்கு உங்கள் உழைப்பு. சாஃப்ட்வேர் இலவசம். சேனல் அந்தந்த நிறுவனத்துடையது. கணினியைச் சோதிப்பது, பொருத்துவது, பட்டியல் போடுவது, ஒரு வருடம் போன் எடுப்பது ஆகியவைதான் உங்களுடையவை. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த மூன்றாவதைப் பற்றி மட்டும்தான்.

2. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

ஒரு பென்டிரைவ். அதில் விஎல்சி (வீடியோ ஓட்டும் இலவச ப்ளேயர்), கோடி (Kodi, டிவி மாதிரித் திரையில் சேனல் பட்டியல் காட்டும் இலவச ப்ளேயர்), ஒரு ப்ரவுசர் இவற்றின் இன்ஸ்டாலர்கள். மூன்றும் அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியவையாக இருக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் ‘ஃப்ரீ டவுன்லோட்’ தளத்தை நம்பாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022-இல் விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் என்னிடம் வேலை பார்த்த பையன் வேறொரு தளத்திலிருந்து இறக்கிய ‘விஎல்சி’யை மூன்று வீடுகளில் போட்டுவிட்டான். மூன்று ப்ரவுசரிலும் முகப்புப் பக்கம் மாறி, விளம்பரமாகக் கொட்டியது. சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்றிலிருந்து, இன்ஸ்டாலரை இறக்கியதும் அதன் ‘ஷா-256’ எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறினால் இதுவும் மாறும்) அதிகாரபூர்வத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றுவதில்லை. விண்டோஸில் இருக்கும் ‘செர்ட்யூட்டில்’ கட்டளையே அதைக் கணக்கிட்டுத் தரும். அரை நிமிட வேலை.

அப்புறம் 10 மீட்டர் லேன் கேபிள் ஒன்று, எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு நீளத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் யுஎஸ்பி வைஃபை ஒன்று. இவை விற்பதற்கு அல்ல, சோதிப்பதற்கு. கோளாறு ரௌட்டரிலா, கேபிளிலா, கணினியிலா என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

3. கணினியைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

‘என்னென்ன சேனல் பார்ப்பீர்கள்?’ இதுதான் முதல் கேள்வி. ‘எத்தனை சேனல் வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையைக் கேட்டால் எல்லோரும் ‘எல்லாம்’ என்பார்கள்; பெயரைக் கேட்டால் எட்டுக்கு மேல் வராது.

பெயர் வந்ததும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நிறுவனமே யூடியூபில் நேரலையாக இலவசமாகக் கொடுப்பது: தமிழ்ச் செய்திச் சேனல்களில் புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் இப்படிக் கிடைக்கின்றன. அல் ஜசீரா, டிடபிள்யூ, பிரான்ஸ் 24 போன்ற வெளிநாட்டுச் செய்திகளும் அப்படித்தான். அடுத்தது சந்தா கட்டிப் பார்ப்பது: சீரியல், புதுப்படம், கிரிக்கெட் எல்லாம் சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 மாதிரி ஓடிடியில்தான். மூன்றாவது, முறையான வழியே இல்லாதது. அதை ‘இது கணினியில் வராது ஐயா, கேபிள் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்ல முதலில் வாய் வராது. வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். என் அனுபவத்தில் பத்தில் இரண்டு பேர்தான் போவார்கள், அந்த இரண்டு பேரும் எப்படியும் அடுத்த மாதம் சண்டைக்கு வரக்கூடியவர்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்பதும் முக்கியம். மகன் போன் செய்து வரச்சொல்வான். பார்க்கப் போவது அவன் அம்மாவாக இருக்கும். மௌஸ் பிடிக்காதவருக்குக் கோடியும், ப்ரவுசர் பழகியவருக்கு வெறும் புக்மார்க்கும் போதும்.

4. கணினி தாங்குமா என்று பாருங்கள்

புதியவர்கள் ராமையும் ஹார்ட் டிஸ்கையும் பார்த்துவிட்டு ‘8 ஜிபி இருக்கு, ஓடும்’ என்று சொல்லிவிடுவார்கள். டிவி ஓடுவதை முடிவு செய்வது பெரும்பாலும் ராம் அல்ல. வருகிற வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, அதை விரிக்கும் வன்பொருள் உங்கள் ப்ராசஸருக்குள் இருக்கிறதா என்பதுதான்.

இன்டெல் ப்ராசஸர் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்.264 என்ற சுருக்கும் முறை பழையது, இரண்டாம் தலைமுறை ஐ3 கூடச் சிரமமில்லாமல் விரிக்கும். எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிப்பது ஆறாம் தலைமுறையிலிருந்து. யூடியூப் அதிகம் தருகிற விபி9 முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில். ஏவி1 பதினோராம் தலைமுறையில். இதற்குக் கீழே உள்ள சிப், வேலையை மொத்தமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு சாஃப்ட்வேராக விரிக்கும். ஃபேன் அலறும், படம் தட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. நான்காம் தலைமுறை ஐ3, 50 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். ‘தம்பி, லைன் ஸ்லோவா இருக்கு, செய்தி வாசிக்கிறவர் ரோபோ மாதிரி பேசுறார்’ என்றார். லைன்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த யூடியூப் வீடியோ மேல் வலது க்ளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தேன். சுருக்கும் முறையைக் காட்டும் ‘கோடெக்ஸ்’ வரி விபி09, அதாவது விபி9 என்று தொடங்கியது. ‘டிராப்ட் ஃப்ரேம்ஸ்’ (காட்டாமல் விடுபட்ட ஃப்ரேம்கள்) எண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. ஆனால் பஃபர் (முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கும் வீடியோ) நிறையவே இருந்தது. அதாவது லைனில் குறை இல்லை. வந்த படத்தை விரிக்க முடியாமல் கணினி திணறுகிறது. யூடியூபை எச்.264-இலேயே தரச்சொல்லும் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டு, பக்கத்தைப் புதுப்பித்தேன். அதே வரி ஏவிசி1, அதாவது எச்.264 என்று மாறியது, ஃபேன் அடங்கியது.

அந்த ஒரு சாளரத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தொழில் கைக்கு வந்த மாதிரி. பஃபர் காலியாகிறது என்றால் இணையம். ஃப்ரேம் விழுகிறது என்றால் கணினி. இரண்டும் நன்றாக இருந்தும் படம் சரியில்லை என்றால் ஒளிபரப்பே அப்படி.

இயங்குதளத்தையும் பாருங்கள். விண்டோஸ் 7 கணினியில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் விஎல்சி ஓடும், ஆனால் ஓடிடி தளங்கள் ‘ப்ரவுசரைப் புதுப்பிக்கவும்’ என்று மறுக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இதை வாடிக்கையாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, பில்லிலும் ஒரு வரி எழுதுங்கள்.

5. இணையத்தைச் சோதியுங்கள், மாலையில்

பகல் 11 மணிக்குப் போய் வேகம் பார்த்துவிட்டு வந்தால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. டிவி பார்ப்பது இரவு 8 மணிக்கு. தெருவே அப்போதுதான் லைனில் இருக்கும். பகலில் போவதைத் தவிர்க்க முடியாவிட்டால், இரவில் வாடிக்கையாளரையே வேகச் சோதனை செய்து எண்ணை அனுப்பச் சொல்லுங்கள்.

1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வர வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி போகும். ஃபைபர் லைனில் இது பொருட்டே இல்லை. ஆனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 2 ஜிபி பேக் வைத்திருப்பவர் ஒரு மணி நேரம் முழுதாகப் பார்க்க முடியாது. அவருக்கு 480பி-யில் நிறுத்தி வைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் ‘நீங்க போட்ட சாஃப்ட்வேர் டேட்டாவைத் தின்னுது’ என்பார்.

முதலில் லேன் கேபிளில் சோதியுங்கள், அப்புறம் வைஃபையில். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் தட்டினால் கோளாறு சுவருக்கும் ரௌட்டருக்கும் நடுவில். 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு சுவர் தாண்டினால் 5-ம் கைவிடும். அங்கே கேபிள் இழுப்பதைத் தவிர வழியில்லை. அதைத் தனி வேலையாக, தனி விலையாகச் சொல்லுங்கள்.

6. நிறுவும் வரிசை

கிராஃபிக்ஸ் டிரைவர், ப்ரவுசர், விஎல்சி, கடைசியாகக் கோடி.

டிரைவர் முதலில் ஏனென்றால், அது சரியில்லாவிட்டால் நான்காம் பகுதியில் சொன்ன வன்பொருள் விரிப்பு வேலையே செய்யாது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் பொதுவான டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் இருப்பதைக் கவனிக்காமல், ப்ளேயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

விஎல்சி, கோடிக்கு முன்னால் வர வேண்டும். விஎல்சி நமக்கு டெஸ்டர் மாதிரி. கண்ட்ரோல், என் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லிங்க் கேட்கும். ஒட்டிவிட்டு ஓடுகிறதா பாருங்கள். விஎல்சியில் ஓடி, கோடியில் ஓடவில்லை என்றால் கோளாறு கோடி அமைப்பில். இரண்டிலும் ஓடவில்லை என்றால் லிங்கில். நேரே கோடிக்குப் போனவருக்கு இந்தப் பிரிப்பு கிடைக்காது.

லைன் லேசாகத் தள்ளாடும் வீடுகளில் விஎல்சியின் நெட்வொர்க் கேஷிங்கை (முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவை) 1000 மில்லிசெகண்டிலிருந்து 3000-ஆக உயர்த்துங்கள். சேனல் மாற இரண்டு நொடி அதிகமாகும், நடுவில் நிற்பது குறையும். 10,000 வரை ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சேனல் மாற்றவே அலுப்பு வந்துவிடும்.

7. சேனல் பட்டியல் தயாரித்தல்

உங்கள் கைவேலை தெரிகிற இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

பட்டியல் என்பது எம்3யு என்ற எளிய உரைக் கோப்பு. தலைப்பில் ஒரு வரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு வரிகள். மேல் வரியில் பெயர், குழு, லோகோ. கீழ் வரியில் முகவரி. நோட்பேடிலேயே எழுதலாம். சேமிக்கும்போது மட்டும் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

லிங்க் எங்கே கிடைக்கும்? நிறுவனமே தன் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற நேரலை முகவரிகளை மட்டும் போடுங்கள். இணையத்தில் சுற்றும் ஆயிரம் சேனல் பட்டியலை அப்படியே ஏற்றினால் அதில் கட்டணச் சேனலும் கலந்து வரும். ‘தெரியாமல் வந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது, பட்டியலை விற்றது நீங்கள்.

லிங்க் எடுப்பதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஒன்று, தாய் முகவரிக்குப் பதிலாகக் குட்டி முகவரியை எடுப்பது. எச்எல்எஸ் என்ற முறையில் வரும் நேரலையில் மேலே ஒரு தாய்ப் பட்டியல் இருக்கும்; அதற்குள் 360பி, 720பி, 1080பி என்று தனித்தனிக் குட்டிப் பட்டியல்கள். தாயைக் கொடுத்தால் லைனின் வேகத்துக்கு ஏற்ப ப்ளேயர் தானே தரத்தை மாற்றிக்கொள்ளும். 1080பி குட்டியை மட்டும் கொடுத்துவிட்டால், லைன் கொஞ்சம் குறைந்ததும் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். கடையில் நன்றாக ஓடியது, வீட்டில் ஓடவில்லை என்ற புகார்களில் பாதி இதுதான்.

இரண்டு, முகவரியின் வாலில் நீளமான டோக்கன் (தற்காலிக அனுமதிக் குறியீடு) ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் எடுப்பது. அது சில மணி நேரத்தில் காலாவதியாகும். இன்று மாலை காட்டிப் பணம் வாங்குவீர்கள், காலையில் போன் வரும். டோக்கன் வைத்திருக்கிறார்கள் என்றாலே வெளியே எடுத்துப் போடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று அர்த்தம். அந்தச் சேனலுக்கு அவர்கள் தளத்தின் புக்மார்க்கையே வைத்துவிடுங்கள். யூடியூப் நேரலையும் அப்படித்தான்: ப்ரவுசரில் புக்மார்க்காக வைப்பதே நிலைத்து நிற்கும்.

மூன்று, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனிக் கோப்பாக வைப்பது. முப்பது வீட்டில் போட்ட பிறகு ஒரு சேனல் முகவரி மாறினால் முப்பது நடை. பட்டியலை உங்கள் சொந்தத் தளத்தில் ஒரே முகவரியில் வைத்து, கோடியின் ‘ஐபிடிவி சிம்பிள் க்ளையன்ட்’ ஆட்-ஆனில் அந்த முகவரியைக் கொடுங்கள். நீங்கள் ஒரு வரி திருத்தினால் எல்லா வீட்டிலும் திருந்திவிடும். திருத்தியும் பழைய பட்டியலே தெரிந்தால், கோடியின் பிவிஆர் (நேரலை டிவி) அமைப்பில் ‘க்ளியர் டேட்டா’ கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கோடியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஸ்கின் அமைப்பில் எழுத்துருவை ஏரியல் சார்ந்ததாக மாற்றுங்கள். நிகழ்ச்சி நிரல் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரிந்தால், நிரல் கோப்பில் நேரம் இந்திய நேரத்தில் இருக்க, +0530 என்ற இந்திய நேரக் குறியீடு விடுபட்டிருக்கிறது. ஆட்-ஆனிலேயே நேரத்தைத் தள்ளிவைக்கும் அமைப்பு உண்டு.

வரிசையில் முதல் ஐந்து இடத்தில் வாடிக்கையாளர் சொன்ன ஐந்து சேனலையே வையுங்கள். அகரவரிசை எல்லாம் நமக்கு அழகு, அவருக்குத் தொல்லை.

8. ஓடிடி: கணக்கு அவருடையது, வேலை நம்முடையது

சந்தா எப்போதும் வாடிக்கையாளரின் மொபைல் எண்ணில், அவர் கார்டில் அல்லது யுபிஐயில். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைப் பத்து வீட்டுக்குக் கொடுத்து மாதாமாதம் வசூல் செய்வது மறுவிற்பனைதான்; ஓடிடி நிறுவனங்களின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. ஒரே நேரத்தில் இத்தனை திரைதான் என்ற வரம்பும் இருப்பதால், கிரிக்கெட் இறுதிப் போட்டியன்று பத்து பேரும் உங்களைக் கூப்பிடுவார்கள்.

கணினியில் ஓடிடி பார்ப்பதில் இரண்டு முட்டுக்கட்டைகள். ப்ரவுசரில், வீடியோவை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் என்ற முறை பெரும்பாலும் அதன் கீழ்ப்படியில் இயங்குவதால், சில தளங்கள் முழுத் தரத்தைத் தருவதில்லை. ‘போனில் தெளிவா இருக்கு, இதில் மங்கலா இருக்கே’ என்று கேட்டால் இதுதான் பதில். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, முன்பே சொல்லிவிடுங்கள். லினக்ஸ் கணினி என்றால் குரோமியம் ப்ரவுசரில் வைட்வைன் பெரும்பாலும் இருக்காது, குரோம் போடுங்கள்.

அடுத்தது கருந்திரை. சத்தம் வரும், படம் வராது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால், எச்டிசிபி (நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு) கைகுலுக்கல் நடக்காமல் தளம் படத்தை மறைத்துவிடுகிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேரடி எச்டிஎம்ஐ கொடுத்துப் பாருங்கள்.

லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைக்கும் வீடுகளில் மூன்று சின்ன வேலைகளை மறக்காதீர்கள்: சத்தம் வெளியேறும் இடத்தை டிவிக்கு மாற்றுவது, மூடியை மூடினால் தூங்காதபடி வைப்பது, ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’டுக்கு மாற்றுவது.

9. உரிமமும் பெயரும்

விஎல்சி, கோடி இரண்டும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. காசுக்குக் கொடுப்பதை அந்த உரிமம் தடுக்கவில்லை. பிரதி எடுத்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கலாம், கட்டணத்துக்கு உத்தரவாதமும் தரலாம் என்று ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் முதல் பிரிவே சொல்கிறது. நாம் செய்வது அதுதான்.

நிபந்தனை என்னவென்றால், பிரதியை நீங்கள் கொடுத்தால் மூலநிரலும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். சுலப வழி: வாடிக்கையாளரின் கணினியிலேயே அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குவது. பென்டிரைவில் கொடுப்பதானால் அதே பதிப்பின் மூலநிரல் கோப்பையும் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். உள்ளே இருக்கும் உரிமக் கோப்பை நீக்காதீர்கள்.

பெயர் வேறு கதை. கோடி என்ற பெயரும், விஎல்சியின் ஆரஞ்சுக் கூம்பும் வணிகச் சின்னங்கள். ‘எங்கள் கோடி டிவி’ என்று போர்டு வைப்பதும், ப்ளேயரின் சட்டையை மாற்றி உங்கள் பெயரில் புது சாஃப்ட்வேர் போல விற்பதும் வம்பை வரவழைக்கும். திருட்டு ஆட்-ஆன் சேர்த்துத் தங்கள் பெயரில் விற்பதைக் கோடி குழுவினர் வெளிப்படையாகவே எதிர்த்து வருகிறார்கள். போர்டில் ‘கணினியில் இணைய டிவி அமைத்துத் தரப்படும்’ என்று எழுதுங்கள், போதும்.

10. விலையும் பில்லும்

நான் அமைப்புக்கு 900 ரூபாய், ஒரு வருடப் பராமரிப்புக்கு 600 வாங்குகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 1,500 என்று போடாதீர்கள். சேர்த்துப் போட்டால் பராமரிப்பு இலவசம் என்று நினைப்பார்கள், இரண்டாவது வருடம் கேட்க முடியாது.

பில்லில் ‘சாஃப்ட்வேர் விலை’ என்றோ ‘200 சேனல்’ என்றோ எழுதவே கூடாது. ‘கணினி சோதனை, மென்பொருள் நிறுவல், பட்டியல் அமைப்பு, செய்முறை விளக்கம்’ என்று எழுதுங்கள். கீழே மூன்று வரி: மென்பொருள் இலவசமானது, சேனல்கள் அந்தந்த நிறுவனத்தின் விருப்பப்படி நிறுத்தப்படலாம், மாறலாம், ஓடிடி சந்தா இதில் சேராது. இந்த மூன்று வரியைப் படித்துக் காட்டி, அதற்கு அப்புறம் பணம் வாங்குங்கள். ஒரு வருட மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கணினிக்கடையின் மற்ற வரவும் இதோடு சேரும் என்பதைப் பலர் மறக்கிறார்கள்.

11. ஒப்படைப்பு

நீங்கள் ஓட்டிக் காட்டுவது ஒப்படைப்பு அல்ல. கணினியை அணைத்துவிட்டு, பார்க்கப் போகிறவரையே முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். பவர் பட்டன், டெஸ்க்டாப், ஐகான், சேனல், சத்தம், நிறுத்துவது. எங்கே தயங்குகிறாரோ அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஓர் அம்மா டபுள் க்ளிக்கை இரண்டு தனித்தனி க்ளிக்காகச் செய்துகொண்டிருந்தார். சிங்கிள் க்ளிக்கில் திறக்கும்படி மாற்றினேன். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை.

இதையே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆறு வரிக்கு மேல் வேண்டாம்.

12. போன் வரும்போது

‘டிவி வரல’ என்பார்கள். உடனே வண்டியை எடுக்காதீர்கள். முதல் கேள்வி: ஒரு சேனலா, எல்லாமா? ஒன்றுதான் என்றால் லிங்க். உங்கள் கடையிலிருந்தே விஎல்சியில் போட்டுப் பார்த்து, பட்டியலில் திருத்திவிடலாம். எல்லாம் என்றால் இரண்டாவது கேள்வி: போனில் அதே வைஃபையில் யூடியூப் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் லைன்காரர் எண்ணைக் கொடுங்கள். ஓடுகிறது என்றால் கணினி. ரிமோட்டில் நுழைந்து பாருங்கள்.

‘வாயும் சத்தமும் ஒட்டவில்லை’ என்றால் ப்ளூடூத் ஸ்பீக்கர் புதிதாக வாங்கினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான். விஎல்சியில் ஜே, கே பட்டன்கள் சத்தத்தை 50 மில்லிசெகண்ட் முன்னும் பின்னும் நகர்த்தும்; ப்ரவுசரில் அந்த வசதி இல்லை, வயர் ஸ்பீக்கரே மாட்டச் சொல்லுங்கள்.

வந்த ஒவ்வொரு அழைப்பையும் தேதி, வீடு, காரணம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டுப் பராமரிப்பைப் புதுப்பிக்கப் போகும்போது, ‘ஒரு வருஷமா என்ன செஞ்சீங்க?’ என்று கேட்பவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.